டி.சி.யைக் கடைசியில் வாங்குங்கள்

கேள்வி: என் மகன் தனியார் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு இ.சி.இ. முடிக்கப்போகிறான். கோவையில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் இடம் இருக்கிறதாம், கேம்பஸ் வேலையும் நன்றாகக் கிடைக்குமாம். டி.சி. வாங்கிவிடலாமா?
- ஒரு தாய், தென்காசி

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. வாய்வார்த்தையை நம்பி டி.சி. வாங்கினால், பிறகு ஒப்புதல் வராதபோது பிள்ளை இரண்டு கல்லூரியிலும் இல்லாமல் நிற்பான். அனுமதிக்கப்பட்ட இடங்களுக்குள் அந்தத் துறையில் காலியிடம் இருக்க வேண்டும். இரு முதல்வர்களின் தடையின்மைச் சான்றும், மாறுதலுக்கான எழுத்துபூர்வ ஒப்புதலும் கைக்கு வந்த பிறகே டி.சி.

அதற்கு முன் ஒரு நாள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இரு கல்லூரிகளின் பாடத்திட்டத்தையும் அச்செடுத்து, அலகு அலகாக ஒப்பிடச் சொல்லுங்கள். பாடத்தின் பெயர் ஒன்றாக இருக்கும், கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் எண்) 4-க்குப் பதில் 3 என்று இருக்கும். இங்கே நான்காம் செமஸ்டரில் வரும் பாடத்தை அங்கே இரண்டாம் செமஸ்டரிலேயே முடித்திருப்பார்கள். இப்படி விடுபட்டவற்றை அவன் வழக்கமான பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டும். ஒன்றிரண்டு என்றால் சமாளிக்கலாம். நான்கைந்து என்றால் அரியர் விழும் அபாயம் அதிகம். நிலுவையில் அரியர் இருந்தால் பல நிறுவனங்கள் நேர்காணலுக்கே அழைப்பதில்லை. வேலைக்காகக் கல்லூரி மாறி, அந்த வேலையையே இழக்கக் கூடாது.

டிஜிலாக்கர் வழியாகப் பெறும் 12 இலக்க ஏ.பி.சி. (மாணவரின் கிரெடிட்டுகளைச் சேமித்து வைக்கும் கணக்கு) எண்ணில் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்றும் பாருங்கள். கிரெடிட் அதில் ஏறியிருப்பதாலேயே புதிய கல்லூரி அதை ஏற்றுக்கொள்ளும் என்பதில்லை.

கேள்வி: இரண்டு செமஸ்டர் முடிந்து என் சி.ஜி.பி.ஏ. (எல்லா செமஸ்டருக்குமான சராசரிப் புள்ளி) 6.4. கேம்பஸ் நேர்காணலுக்குள் 7-ஐத் தொட முடியுமா?
- மாணவர், சேலம்

பதில்: முடியும் தம்பி. செமஸ்டருக்கு 22 கிரெடிட் என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 44 கிரெடிட், அதை 6.4-ஆல் பெருக்கினால் புள்ளிகள் 281.6. நேர்காணல் ஆறாம் செமஸ்டருக்குப் பிறகு என்றால், அதன் முடிவில் 7-ஐத் தொட 132 கிரெடிட்டுக்கு 924 புள்ளிகள் வேண்டும். மீதி 642.4-ஐ 88-ஆல் வகுத்தால் 7.3. அடுத்த நான்கு செமஸ்டரும் இந்தச் சராசரி போதும். 4 கிரெடிட் பாடங்களை முதலில் பிடியுங்கள்; அங்கே ஒரு கிரேடு கூடினால் 4 புள்ளி ஏறும், 2 கிரெடிட் ஆய்வகத்தில் 2 புள்ளிதான். அதற்காக ஆய்வகத்தை விட்டுவிடாதீர்கள். ரெக்கார்டை வாரத்துக்கு வாரம் முடித்துக் கையெழுத்து வாங்கினாலே அகமதிப்பீடு கைக்கு வந்துவிடும்.