கேளுங்கள், சொல்கிறேன்: வெப்பம் கூடுவது சூரியனாலா?

கேள்வி: "சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாகிவிட்டன, அதனால்தான் உலகம் சூடாகிறது, வண்டிப் புகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மைதானா ஐயா?
(வத்தலக்குண்டு வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து மலையேறினால், கிட்டத்தட்ட இதே சந்தேகத்தோடு பிறந்த இடம் ஒன்று இருக்கிறது: கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்று தேடிய அன்றைய விஞ்ஞானிகள் பலரின் பார்வை சூரியப் புள்ளிகள் மேல் விழுந்தது. அவை சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறையும். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பருவமழையின் போக்கு பிடிபடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துதான் 1899இல் அந்த ஆய்வகம் வந்தது. நூறாண்டுக்கும் மேலாக எடுத்த சூரியப் படங்கள் அங்கே இருக்கின்றன. நம் மண்ணின் பெரிய சொத்து என்று அதைத்தான் சொல்வேன்.

ஆசிரியராக இருந்த காலத்தில் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போவேன். சூரிய பிம்பத்தில் தெரியும் சின்னக் கரும்புள்ளிக்குள் பூமியையே போட்டுவிடலாம் என்றதும் வாய் பிளந்து நிற்பார்கள்.

பஞ்சத்துக்கு வருவோம். இந்திய வானிலைத் துறைக்குத் தலைமையேற்ற கில்பர்ட் வாக்கர் புள்ளிகளையும் மழையையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். சொல்லிக்கொள்ளும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. பசிபிக் பக்கமும் இந்தியப் பெருங்கடல் பக்கமும் காற்றழுத்தம் ஊஞ்சல் போல மாறி மாறி ஏறி இறங்குவதைத்தான் கண்டார். பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகி, நம் பருவமழையைப் பெரும்பாலும் குறைத்துவிடும் எல் நினோவின் மறுபாதி அது. 1877இல் பசிபிக்கில் மிகக் கடுமையான எல் நினோ நடந்தது என்பது இன்று நமக்குத் தெரியும்.

சரி, புள்ளிகளால் வெப்பம் மாறவே மாறாதா? மாறும், கொஞ்சம். பூமிக்கு வெளியே ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,361 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. புள்ளிகள் நிறைந்த காலத்துக்கும் குறைந்த காலத்துக்கும் இதில் வித்தியாசம் 0.1 சதவீத அளவுதான். 1978 முதல் செயற்கைக்கோள்கள் அளந்து வருகின்றன. சூரிய ஆற்றல் ஏறிக்கொண்டே போனதாகக் காணோம். பூமியின் வெப்பநிலையோ ஏறியிருக்கிறது.

எனக்கு மிக வலுவாகத் தோன்றும் சான்று இன்னொன்று. சூரியன்தான் காரணம் என்றால் காற்றுமண்டலம் கீழிருந்து மேல்வரை சூடாகியிருக்க வேண்டும். நடப்பது வேறு: நாம் இருக்கும் கீழடுக்கு சூடாகிறது, அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரியும் பெட்ரோலும் டீசலும் எரித்ததுதான் பெருங்காரணம். வண்டிப் புகைக்குச் சம்பந்தம் உண்டு என்று உங்கள் நண்பரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

எரிமலைக்கும் பங்குண்டு. 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ வெடித்தபோது கந்தகத் துகள்கள் வெயிலை மறைத்து, உலக வெப்பநிலை சுமார் அரை டிகிரி இறங்கியது. ஓரிரு ஆண்டில் துகள்கள் படிந்ததும் பழையபடி ஏறிவிட்டது.

கேள்வி: ஜனவரியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறதாம். அப்புறம் ஏன் மார்கழி, தையில் குளிர்கிறது?
(தஞ்சாவூர் மாணவி)

பதில்: பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது, மகளே. ஜனவரியில் நம் வட பாதி சூரியனுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பதால் வெயில் சரிவாக விழுகிறது, பகலும் குறைவு. ஜூலையைவிட அப்போது பூமிக்கு 7 சதவீதம் வெயில் கூடுதல் என்றாலும் சாய்வின் கைதான் ஓங்குகிறது.

ஆனால் அந்த 7 சதவீதத்தை லேசாக எண்ணாதே. மிக அருகில் வரும் நாள் சுமார் 58 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் தள்ளிப்போகிறது. ஏறக்குறைய 11,000 ஆண்டுகளுக்கு முன் அது வட பாதியின் கோடையில் இருந்தது. கோடை வெயில் வலுத்து, ஆப்பிரிக்காவிலும் நம் பக்கமும் பருவமழை பெருகியது. சகாராவில் புல்வெளியும் ஏரிகளும் இருந்தன. அல்ஜீரியாவின் தஸ்ஸிலி பாறைகளில் மாட்டு மந்தைகளை அன்றைய மனிதர்கள் வரைந்து வைத்திருக்கிறார்கள். படம் தேடிப் பார், உன் வகுப்பிலும் காட்டு.