கொழுந்து நிறைப் பட்டியலும் தமிழ்ப் பெயர் வரிசையும்: கேள்வி பதில்

அட்டனிலிருந்து: சேர், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வேலையையும் சம்பளத்தையும் பதியும் செக்ரோல் மென்பொருளை விண்டோஸ் ஃபோர்ம்ஸில் (டொட்நெட்டில் விண்டோஸ் திரைகள் அமைக்கும் கருவித்தொகுதி) எழுதுகிறேன். கொழுந்து நிறையைக் கூடியதிலிருந்து குறைந்ததற்கு வரிசைப்படுத்தினால், 9 கிலோ 18 கிலோவுக்கு மேலே நிற்கிறது.

நிறை ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக, சேமிக்கப்பட்டிருக்கிறது, தம்பி. எழுத்தாக ஒப்பிட்டால் 9 என்பது 1ஐ விடப் பெரியது. டேட்டாடேபிளில் (நினைவகத்தில் தரவை வைக்கும் அட்டவணை) அந்தக் கொலத்தை டெசிமலாக, அதாவது தசம எண்ணாக, அமையுங்கள். வரிகளை ஏற்றிய பிறகு வகையை மாற்றப் போனால் எக்செப்ஷன் (இயக்கப் பிழை) வரும். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே செய்யுங்கள். ‘கிலோ’ என்ற சொல் தரவில் வேண்டாம், செல்லின் ஃபோர்மட்டில் இருக்கட்டும்.

பதுளையிலிருந்து: எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் ஓர்டர் பை (வரிசைப்படுத்தும் கட்டளை) போட்டுப் பெயர்களை எடுத்தால் பழனி, பவானிக்கு முன்னால் வருகிறார். ஜெயாவோ தங்கத்துக்கு முன்னால். ‘கோமதி’ என்று தேடினால் சிலர் மட்டும் கிடைக்கவில்லை.

இரண்டும் தனித்தனிக் கோளாறுகள், தங்கச்சி. எஸ்கியூலைட் இயல்பாக பைட்டுகளைத்தான் ஒப்பிடும். எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோட் அட்டவணையில் ழ, வகரத்துக்கு முன்னால் இருக்கிறது. ஜ, சகரத்தை ஒட்டி இருக்கிறது. நம் நெடுங்கணக்கில் வகரத்துக்குப் பின்தான் ழகரம், கிரந்த எழுத்துகள் கடைசியில். எனவே தரவை எடுத்த பின், இலங்கைத் தமிழ்க் கல்ச்சரை (மொழி, நாட்டு விதிகளின் தொகுப்பு) கொடுத்து உருவாக்கிய ஸ்ட்ரிங்கம்பேரரால் (சொற்களை ஒப்பிடும் கருவி) ஓர்டர்பை செய்யுங்கள். ப்ரொஜெக்டில் இன்வேரியன்ட் குளோபலைசேஷன் (மொழி விதிகளை முடக்கும் அமைப்பு) ட்ரூ என்றிருந்தால் கல்ச்சர் கொடுத்தும் பயனில்லை. டொட்நெட் 6 முதல் அந்தக் கல்ச்சரை உருவாக்கும்போதே எக்செப்ஷன் வரும், அதற்கு முந்தியதில் மறுபடி குறியெண் வரிசைதான் வரும். முதலில் அதைப் பாருங்கள்.

தேடல் தவறுவதற்குக் காரணம் ஓகாரக் குறி. அது ஒரே குறியெண்ணாகவும் இருக்கலாம், ஏகாரக் குறியும் துணைக்காலும் சேர்ந்த இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஸ்ட்ரிங்கின் லெங்த்தைப் பார்த்தால் பிடிபடும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவேடுகளில் இதை அவசியம் சோதியுங்கள். இரண்டு வடிவங்களையும் ஒன்றாக்கும் நோர்மலைஸ் மெதட்டை ஃபோர்ம் சீயுடன் (சேர்த்தெழுதும் வடிவம்) சேமிக்கும்போதும் தேடுசொல்லிலும் பயன்படுத்துங்கள். ஏற்கெனவே உள்ள பெயர்களையும் ஒருமுறை மாற்றி எழுதிவிடுங்கள். ஒரு தொழிலாளியின் பெயர் தேடலில் அகப்படாவிட்டால், அவர் பெயருக்கு நிறை ஏறாமலே போகலாம்.

பண்டாரவளையிலிருந்து: வடிகட்டிய பின் ஒருவரைத் திருத்தினால் வேறொருவரின் நிறை மாறுகிறது.

கிரிட்டின் (திரையில் தெரியும் அட்டவணை) வரி எண்ணை வைத்து மூலப் பட்டியலைத் தொடுகிறீர்கள். வடிகட்டிய பின் அந்த இரண்டும் பொருந்தாது. வரியின் டேட்டாபவுண்ட்ஐட்டத்தை (அந்த வரிக்குப் பின்னாலுள்ள பதிவு) எடுத்து, அதிலுள்ள பதிவு எண்ணைக் கொண்டு திருத்துங்கள். சம்பளம் சம்பந்தப்பட்ட விடயம், இன்றே சரிசெய்யுங்கள்.

நுவரெலியாவிலிருந்து: தரவைத் திரையுடன் இணைக்கும் பைண்டிங்சோர்ஸின் ஃபில்டரில் (வடிகட்டி) நிபந்தனை கொடுத்தும் எல்லோரும் தெரிகிறார்கள். பிழைச் செய்தியும் இல்லை.

அடியில் சாதாரண லிஸ்ட் அல்லது பைண்டிங்லிஸ்ட் இருக்கும். அவை வடிகட்டலை ஆதரிப்பதில்லை. நிபந்தனை சத்தமில்லாமல் விடுபடும். பைண்டிங்சோர்ஸின் சப்போர்ட்ஸ்ஃபில்டரிங் ஃபோல்ஸ் (இல்லை) என்று காட்டினால் அதுதான் காரணம். டேட்டாடேபிளுக்கு மாறுங்கள், அல்லது லிங்கின் (சி ஷார்ப்பில் பட்டியலை வினவும் வசதி) வெயரால் வடிகட்டிப் புதிய பட்டியலை இணையுங்கள். டேட்டாடேபிள் என்றால், தேடுசொல்லில் வரும் ஒற்றை மேற்கோளை இரட்டிப்பாக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் நிபந்தனை உடையும்.