பழைய ஜீப்புக்குப் புதிய வயரிங்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ரப்பர் தோட்டம் ஒன்றில் ஓடிக்கொண்டிருந்த எண்பதுகளின் ஜீப்பை வாங்கி, மூன்று ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகச் சீரமைத்து வருகிறேன். பியூஜோ டீசல் எஞ்சின். துருவேறிப்போன பாடிக்குப் பதிலாக, குளச்சலில் பைபர் வள்ளம் செய்பவரிடம் கொடுத்து, முழுப் பாடியையும் பைபரில் வார்த்துப் பொருத்திவிட்டேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிய பழைய டைனமோவை எடுத்துவிட்டு, அதைவிட அதிக மின்னோட்டம் தரும் ஆல்டர்னேட்டர் வைத்தாயிற்று. பழைய வயரிங் பாதி கருகியும், பாதி டேப் சுற்றியும் கிடக்கிறது. கடையில் இந்த மாடலுக்கென்றே ரெடிமேட் வயரிங் செட் இருக்கிறது. காயலான் கடையில் கழற்றிய செட் மலிவாகக் கிடைக்கிறது. ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் புதிதாகவே கட்டித் தருவதாகச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– குலசேகரம் வாசகர்

பதில்: புதிதாகக் கட்டிக்கொள்ளுங்கள். ரெடிமேட் செட் மட்டமானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஜீப்புக்கு அதைவிட நல்ல வழி கிடையாது. ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அந்தச் செட் இரும்பு பாடியையும் டைனமோவையும் மனத்தில் வைத்து அளவெடுக்கப்பட்டது. இரண்டையுமே நீங்கள் மாற்றிவிட்ட பிறகு, பொட்டலத்தின் மேல் அச்சிட்ட மாடல் பெயரை நம்பி வாங்குவதில் பயனில்லை.

பைபர் பாடிதான் இதில் முக்கியமான செய்தி. இரும்பு பாடியில் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு வயர் போனால் போதும். பாடியே எர்த்தாக நின்று மின்னோட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்துவிடும். பைபர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே ஹெட்லைட், டெயில் லைட், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர் மோட்டார், டேஷ்போர்டு மீட்டர்கள், டீசல் டேங்கின் அளவுமானி என ஒவ்வொன்றுக்கும் திரும்பி வரும் எர்த் வயர் தனியாக வேண்டும். ரெடிமேட் செட்டில் இவற்றுள் பல இருக்காது. அவற்றைப் பின்னர் ஒவ்வொன்றாக ஒட்டுப்போட்டுச் சேர்ப்பது, நீங்கள் இப்போது அவிழ்த்துக்கொண்டிருக்கும் அதே சிக்கலை மீண்டும் முடிவதாகிவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒன்று, முன்பக்கத்தில் ஒன்று, பின்பக்கத்தில் ஒன்று என மூன்று எர்த் முனைகள் வைத்து, அவற்றைத் தடித்த வயரால் வண்டியின் இரும்பு அடிச்சட்டமான சேசிஸுடனும் பேட்டரியின் நெகட்டிவ் முனையுடனும் இணைக்கச் சொல்லுங்கள்.

எஞ்சினுக்குத் தனி எர்த் பட்டை கட்டாயம். எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பட்டை இல்லாவிட்டால் செல்ப் மோட்டார் இழுக்கும் சில நூறு ஆம்பியர் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிளின் உள்ளே இருந்த நைலான் உறை உருகி, கம்பி அப்படியே இறுகிப்போன வண்டி ஒன்றை நாகர்கோவிலில் என் பட்டறையிலேயே பார்த்திருக்கிறேன். அந்த வண்டிக்காரர் இரண்டு மாதமாகக் கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து வயரின் தடிமன். ஹெட்லைட்டில் 60 வாட் பல்பு இரண்டு எரியும்போது 120 வாட்; 12 வோல்ட்டில் அது 10 ஆம்பியர். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்கும், அங்கிருந்து ஹெட்லைட்டை உயர்த்தித் தாழ்த்தக் காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சுக்கும், பிறகு விளக்குக்கும் போய்ச் சேர ஏறத்தாழ 5 மீட்டர் ஆகிறது. 1 சதுர மில்லிமீட்டர் வயரில் இந்தத் தூரத்திலேயே 0.86 வோல்ட் வீணாகிவிடும். கேட்பதற்குச் சிறிய எண்தான். ஆனால் ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் சற்றுக் குறைந்தாலும் வெளிச்சம் அதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும் என்பதால், ஐந்தில் ஒரு பங்கு வெளிச்சம் வழியிலேயே போய்விடுகிறது. சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்காந்த சுவிட்சுதான் ரிலே. டேஷ்போர்டு சுவிட்சை ரிலேயை இயக்க மட்டும் வைத்துக்கொண்டு, பேட்டரிக்கு அருகிலுள்ள அந்த ரிலேயிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை ஒன்றரை மீட்டரில் நேராக விளக்குக்குக் கொண்டுபோனால் இழப்பு 0.1 வோல்ட்டாகச் சுருங்கும். எர்த் வயரும் அதே தடிமனில் இருக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு வரும் வயரைப் பழைய அம்மீட்டர் வழியாகச் சுற்றவிடாதீர்கள். டைனமோ காலத்தில் செல்ப் மோட்டாரைத் தவிர, வண்டியின் மின்னோட்டம் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் போய்த்தான் வந்தது. இப்போது மின்னோட்டம் கூடிவிட்டது. அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வைத்துக்கொள்ளலாம். டீசல் வண்டி என்பதால், எஞ்சினைக் கிளப்புமுன் சிலிண்டர்களைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளுக்கும் தனி ரிலேயும் தடித்த வயரும் வேண்டும். நான்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கும் மேல் இழுக்கக்கூடும்.

காயலான் கடைச் செட்டை மட்டும் வேண்டவே வேண்டாம். வாங்கத்தான் வேண்டும் என்றால், ஏதாவது ஒரு முனையில் இரண்டு அங்குலம் இன்சுலேஷனைச் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பு பளிச்சென்று இருக்க வேண்டும். கறுத்து, விரலால் தேய்த்தால் பொடி ஒட்டினால், அந்தக் கறுப்பு உறைக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்பது வெளியில் தெரியாது. உங்கள் பழைய வயரிங்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ரப்பர் பால் உறையாமல் இருக்கச் சேர்க்கும் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கக்கூடியது. பால் கேன் ஏற்றிய வண்டிகளின் பின்பக்க டெர்மினல்கள் தொட்டவுடன் உதிர்வதற்கு அது ஒரு காரணம். ஆனாலும் பழைய செட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். எந்தக் கிளை எங்கே பிரிகிறது, எவ்வளவு நீளம் என்பதற்கு அதுவே அளவுகோல். தரையில் விரித்துப் போட்டு, ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றியது. வயரிங்கைப் புதுப்பிப்பது பழுதுபார்த்தல்தான். பாடி மாற்றம் அப்படியல்ல. தோட்டத்துக்கு வெளியே, சாலையில் இறக்குவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் ஜீப்புக்கு வாங்கிய செட்டில் உள்ள நிறங்களும் என்னிடம் இருக்கும் வயரிங் படத்தில் உள்ள நிறங்களும் பொருந்தவில்லை. நிறத்தைப் பார்த்து இணைக்கலாமா?
– தக்கலை வாசகர்

பதில்: கூடாது. லூகாஸ் நிற முறை என்று வழங்கும் பிரிட்டிஷ் முறையில் பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து பியூஸ் இல்லாமல் நேராக வரும் லைன், கறுப்பு எர்த். ஜெர்மானிய முறையில் பழுப்புதான் எர்த். பேட்டரி லைன் சிவப்பு. ஒரு முறையின் படத்தை வைத்துக்கொண்டு மற்ற முறையின் செட்டை இணைத்தால், பேட்டரி லைனையே எர்த்தில் திருகிவிடுவீர்கள். அந்த லைனில் பியூஸும் இல்லாததால் வயர்தான் எரியும்.

நிறத்தைவிட எண்ணை நம்பலாம். பல சுவிட்சுகளிலும் ரிலேகளிலும் 30, 15, 31, 50 என்று பொறித்திருக்கும்: 30 பேட்டரி லைன், 15 சாவி திருப்பினால் வரும் லைன், 31 எர்த், 50 செல்ப் மோட்டாருக்குப் போவது. ரிலேயில் 85, 86 காயிலின் இரு முனைகள். 87 விளக்குக்கோ ஹார்னுக்கோ போகும் முனை. ஒவ்வொரு வயரையும் மல்டிமீட்டரால் முனைக்கு முனை சோதித்து, நோட்டில் எழுதி வைத்த பிறகே இணையுங்கள். முதல்முறை பேட்டரியைக் கொடுக்கும்போது, நடுவில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டிக்கொள்ளுங்கள். எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போதே பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள், வயர் தப்பித்துவிடும்.

கேள்வி: முட்டத்தில் கடலுக்கு மிக அருகில் வீடு. புது வயரிங்கில் டெர்மினல்களைச் சால்டர் செய்வதா, கிரிம்ப் செய்வதா?
– முட்டம் வாசகர்

பதில்: கிரிம்ப், அதாவது டெர்மினலை வயரின் மேல் அழுத்திப் பிடிக்க வைப்பது. சால்டர் ஏறிய இடத்தில் வயர் விறைத்துவிடும். டீசல் எஞ்சினின் அதிர்வில் விறைப்பு முடியும் இடத்திலேயே இழைகள் ஒவ்வொன்றாக முறியும். குறடால் நசுக்குவதைக் கிரிம்ப் என்று எண்ணாமல், அதற்கான கருவியையே பயன்படுத்துங்கள். இழுத்துப் பார்த்தால் வயர் டெர்மினலைவிட்டு அசையக்கூடாது. பிறகு உள்ளே பசை தடவிய ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைச் சூடாக்கி முனையை மூடிவிடுங்கள். உப்புக்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு வயர் கிடைத்தால் கூடுதல் விலை கொடுத்தும் வாங்கலாம். எர்த் போல்ட்டு இறங்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்த பிறகு, வயர் முனையிலுள்ள வளையமான லக்கை வைத்து முறுக்கி, அதன் மேல் வாசலின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு முறுக்க வேண்டாம்.