தாலி கட்டும்போது யார் எங்கே நிற்பது?

கேள்வி: தை மாதம் மதுரையில் என் தங்கைக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் விடிகாலை நாலரை முதல் ஆறு முகூர்த்தம். மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குப் பழக்கமான வீடியோக்காரரை வைக்கச் சொல்கிறார்கள். எங்களுக்கோ சென்னையில் ஒரு கேண்டிட் போட்டோகிராபரின் (போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக எடுப்பவர்) படங்கள் பிடித்துவிட்டன. "ரெண்டு பக்கம் ஆள் வைத்தால் மணமேடையில் சண்டைதான், ஒரே ஸ்டுடியோவில் பேக்கேஜாகப் பேசி முடி" என்கிறார் சித்தப்பா. எது நல்லது? (வாசகி, மதுரை)

பதில்: சித்தப்பாவின் பயம் நியாயம்தான். எங்கள் அக்கா மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் காட்சிக்கு முப்பது படங்கள் இருக்கின்றன; பெரும்பாலானவற்றில் பளிச்சென்று தெரிவது வீடியோக்காரரின் வலது தோள். வேடிக்கை என்னவென்றால், அது ஒரே ஸ்டுடியோ பேக்கேஜ்! தை மாதத்து முகூர்த்த நாளில் ஒரு ஸ்டுடியோ இரண்டு மூன்று கல்யாணங்களை ஒத்துக்கொண்டு, ஆள் போதாமல் வெளியிலிருந்து கூப்பிட்டு அனுப்புவது சகஜம். வந்த இருவரும் ஒருவரை ஒருவர் மண்டப வாசலில்தான் முதலில் பார்த்திருப்பார்கள். அதனால் பேக்கேஜ் எடுத்தாலும், வரப்போகிறவர்கள் யார் யார் என்பதைப் பெயரோடு எழுதி வாங்குங்கள்.

போட்டோகிராபரும் வீடியோக்காரரும் ஏற்கெனவே ஒரு கல்யாணத்தில் சேர்ந்து வேலை செய்தவர்கள் என்றால், அந்தக் கல்யாணத்தின் முழு வீடியோவையும் முழுப் படத் தொகுப்பையும் கேளுங்கள். பாட்டுப் போட்டு வெட்டிய மூன்று நிமிட டீசர் எதையும் சொல்லாது. வீடியோவில் கெட்டிமேளம் கொட்டும் இடத்துக்குப் போங்கள். போட்டோகிராபரின் முதுகு குறுக்கே வருகிறதா? பிளாஷ் அடிக்கும்போதெல்லாம் திரையில் ஒரு பகுதி மட்டும் வெளுக்கிறதா? கேமரா படத்தை வரிவரியாகப் படிப்பதால் வருகிற கோளாறு அது. பிறகு அதே நிமிடத்தின் போட்டோக்களைப் பாருங்கள்: வீடியோ லைட் பட்டுப் பெண்ணின் நெற்றி எண்ணெய் வழிவதுபோல் மின்னுகிறதா, மாப்பிள்ளையின் வேட்டி ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக இருக்கிறதா? அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் விஷயத்தில் இருவரும் சேர்ந்து வேலை செய்ததே இல்லை. பரவாயில்லை, நான் உங்கள் விருப்பப்படியே போகச் சொல்வேன். ஆனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இருவரையும் போனில் பேச வையுங்கள். அந்தப் பேச்சிலேயே ஒருவர் மற்றவரை மட்டம் தட்டினால் ஆளை மாற்றிவிடலாம்.

அவர்கள் முடிவு செய்ய வேண்டியது முக்கியமாக இரண்டு. முதலாவது, நிற்கும் இடம். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டு, நாத்தனார் மற்ற இரண்டையும் போட்டு முடிக்க அரை நிமிடம் ஆகுமா? முகம் முன்னால், முடிச்சு பின்கழுத்தில். போட்டோகிராபர் எதிரே தாழ்வாக உட்கார, வீடியோ பக்கவாட்டில் ஸ்டாண்டில் நின்றால் இரண்டும் கிடைக்கும். இரண்டாவது, வெளிச்சம். அந்த நேரத்தில் இயற்கை வெளிச்சம் இருக்காது. மண்டபத்து மஞ்சள் விளக்கு, மேடை அலங்காரத்து ஊதா விளக்கு, நடுவே ஹோமப் புகை. முகூர்த்தத்துக்கு யாருடைய லைட், எந்த நிறம் என்று ஒருவர் முடிவு செய்ய, மற்றவர் அதற்கேற்பக் கேமராவை வைத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பொறுப்பை வீடியோக்காரருக்குக் கொடுக்கலாம், ஏனென்றால் அவருக்கு விளக்கு தொடர்ந்து எரிந்தாக வேண்டும். அப்புறம், மொபைலை நீட்டிக்கொண்டு மேடையேறும் சொந்தங்களைத் தடுப்பது அவர்கள் வேலை இல்லை. குரல் உள்ள ஒரு மாமாவை நிறுத்துங்கள்.

பணம்: இருவரிடமும் தனித்தனி ஒப்பந்தம். சொன்ன தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா என்று கேளுங்கள். கால் பங்கையாவது ஆல்பமும் வீடியோவும் கைக்கு வரும்வரை நிறுத்திவையுங்கள். எடிட் செய்யாத ஃபைல்களின் நகல் எத்தனை நாளில் ஹார்ட் டிஸ்கில் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். அந்த 'வேறு ஒப்பந்தம்' பெரும்பாலும் பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆல்பமோ வீடியோவோ தராமல் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்; கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. பில் இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

ஒன்று விட்டுப்போச்சு. வரவேற்பு முடிய இரவு பதினொன்று ஆகும், நாலு மணிக்கு அவர்கள் மறுபடி மேடையில் இருக்க வேண்டும். மண்டபத்திலேயே ஓர் அறையை இரண்டு குழுவுக்கும் சேர்த்துக் கொடுங்கள், சார்ஜ் போட நாலு பிளக் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.