அந்தக் கதவ மொதல்ல திறங்க

கேள்வி: 11 வருஷமா தினமும் காலைல 5 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபம் பண்றேன். விண்ணப்பம் எல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சு, கிடைச்சதுக்கு டிக் போடுவேன். வீட்டுக்காரர் ப்ரமோஷன், பொண்ணு படிப்பு எல்லாம் அப்படி கிடைச்சதுதான். இப்ப 2 வருஷமா சொந்த வீட்டுக்காக கேக்குறேன், ஒரு டிக்கும் இல்ல. ஜெபமும் வறண்டு போச்சு, ஆண்டவர் இருக்காரா, கேக்குறாரான்னே தெரியல. 'ஆசீர்வாதத்த தேடாதீங்க, ஆண்டவர தேடுங்க'ன்னு பாஸ்டர் பிரசங்கம் பண்ணாரு. அப்போ கேக்குறதே தப்பா? அவர மட்டும் தேடுறதுன்னா எப்படி? பக்கவாதத்துல படுத்திருக்கற மாமனார் வேற சரியா அந்த நேரம் பாத்து 'யாராவது இருக்கீங்களா'ன்னு கூப்பிட்டுட்டே இருப்பாரு, கவனம் சிதறுதுன்னு இயேசப்பா சொன்ன மாதிரியே ரூம் கதவ பூட்டிக்கிட்டுதான் ஜெபம் பண்றேன். (பெயர் வேண்டாம்)

பதில்: தங்கச்சி, வீடு எப்ப கிடைக்கும், வறட்சி எப்ப தீரும்னு நான் பேசப் போறதில்ல. அந்தக் கதவப் பத்திதான் பேசப் போறேன்.

நோட்டு, டிக், ரெண்டு வருஷமா பதில் இல்ல, இந்த மாதிரி லெட்டர் எனக்கு வந்துகிட்டேதான் இருக்கு, ஆனா கதவ பூட்டுனதுக்கு இயேசுவையே சாட்சிக்கு இழுத்த லெட்டர் இதுதான். மத்தேயு 6ஆம் அதிகாரத்துல 6ஆம் வசனத்துக்கு முன்னாடி 5ஆம் வசனம்னு ஒண்ணு இருக்கே, அதையும் சேத்து வாசிங்க. மனுஷங்க பாக்கணும்னு ஜெப ஆலயத்துலயும் தெரு முனைலயும் நின்னு ஜெபம் பண்றவங்களச் சொல்லிட்டுதான் "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி"ன்னு அவர் சொல்றாரு. யாரும் நம்மளப் பாத்து, ஆகா என்ன பக்தின்னு மெச்சிடக் கூடாதுன்னு பூட்டச் சொன்ன கதவு அது. படுத்த படுக்கையா இருக்கற ஒருத்தர் கூப்பிடுற சத்தம் காதுல விழக் கூடாதுன்னு அவர் எங்க பூட்டச் சொன்னாரு?

ஒரு கை ஒரு கால் வராத மனுஷன் காலங்காத்தால எதுக்கும்மா கூப்பிடுவாரு? தண்ணியா இருக்கும், படுக்கை நனைஞ்சிருக்கும், இல்ல ஒரே பக்கமா படுத்து முதுகு எரியும். தானா புரண்டு படுக்க முடியாதவங்கள ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது திருப்பிப் படுக்க வைக்கணும், இல்லன்னா படுக்கைப் புண் வந்துரும்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. அப்படி ஒண்ணுமே வேண்டாம், ராத்திரி முழுக்க முழிச்சுக் கிடந்துட்டு விடியும்போது பக்கத்துல ஒரு ஆள் இருக்காங்களான்னு மட்டும் தெரிஞ்சுக்கணும்னு கூட கூப்பிட்டிருக்கலாம். நீங்களும் அதே நேரத்துல கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்துகிட்டு, ஆண்டவரே இருக்கீங்களா, கேக்குறீங்களான்னுதான் கேட்டுட்டு இருக்கீங்க. "முதிர்ந்தவயதில் என்னைத் தள்ளிவிடாமலும், என் பெலன் ஒடுங்கும்போது என்னைக் கைவிடாமலும் இரும்"னு 71ஆம் சங்கீதத்துல இருக்கு. அது உங்க மாமனாரோட ஜெபம். அதுக்குப் பதிலா ஆண்டவர் அந்த வீட்டுக்குள்ள வச்சிருக்கற ஆள் நீங்க, நீங்க கதவ பூட்டிட்டீங்க.

கோபமா எழுதுறேன்னு தெரியுது. இதுல எனக்கு கோபம் வரணும், ஏன்னா இயேசுவுக்கே வந்துச்சு. மாற்கு 7ல கொர்பான்னு ஒரு வார்த்தை வரும். அப்பா அம்மாவுக்குக் குடுக்க வேண்டியத, இது தேவனுக்குக் காணிக்கைன்னு சொல்லிட்டா போதும், பெத்தவங்களுக்கு ஒண்ணும் செய்ய வேண்டியதில்லன்னு ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க. உங்க பாரம்பரியத்தால தேவ வசனத்தையே அவமாக்குறீங்கன்னு பரிசேயர்ங்கற அந்தக் கால மதத் தலைவர்கள் முகத்துக்கு நேரா இயேசு சொன்னாரு. பணத்த கொர்பான்னு ஒதுக்குன மாதிரிதான் இந்தக் காலைல 5 மணிய நீங்க ஒதுக்கியிருக்கீங்க.

இதுல உங்கள மட்டும் திட்டுனா அது அநியாயம். உங்க வீட்டுக்காரர் எங்க? லெட்டர்ல அவரோட ப்ரமோஷன் வருது, அவரக் காணோம். படுத்திருக்கறது அவரப் பெத்த அப்பா. தன் வீட்டார விசாரிக்காதவன் "அவிசுவாசியிலும் கெட்டவன்"னு பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதுனது மருமகளுக்கு மட்டும் எழுதுனது இல்ல, மகன் தூங்கிட்டு மருமக மட்டும் ஓடணும்னு வேதத்துல எங்கயும் கிடையாது. ஒருத்தருக்கே முழுப் பாரமும் விழுந்தா அன்பு எரிச்சலா மாறிடும், உங்களுக்கு மாறியிருக்குன்னு 'வேற'ங்கற அந்த ஒரு வார்த்தையே சொல்லுது. முறை போட்டுக்கோங்க. அவர எழுப்புங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கேக்குறது தப்பே இல்ல, அன்றாட ஆகாரத்த கேக்கச் சொல்லிக் குடுத்ததே இயேசுதான். ஆனா அந்த ஜெபத்துல ஆகாரம் வர்றதுக்கு முன்னாடி அவரோட நாமம், ராஜ்யம், சித்தம்னு மூணும் வந்துடும், உங்க நோட்டுல அந்த மூணுக்கு எந்தப் பக்கம்? யோவான் 6ல 5000 பேர் சாப்பிட்டாங்க, மறுநாள் படகேறி ஏரியத் தாண்டிப் போயி அவரத் தேடிக் கண்டுபிடிச்சாங்க, தேடுறதுல ஒரு குறையும் இல்ல. அவரோ, நீங்க அப்பம் சாப்பிட்டுத் திருப்தியானதாலதான் என்னத் தேடுறீங்கன்னுட்டாரு. அப்புறம் இந்த டிக். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்துல இயேசு முகங்குப்புற விழுந்து, இந்தப் பாத்திரம், அதாவது வரப்போற பாடு, என்ன விட்டு நீங்கட்டும்னு கேட்டாரு, மூணு தடவ ஜெபம் பண்ணாரு, அது நீங்கல. உங்க கணக்குப்படி பாத்தா அந்த ஜெபத்துக்கு டிக் இல்ல. ஆனா பிதாவோட சித்தம் ஆகட்டும்னு சொல்லிட்டு எழுந்தாரே, ஆண்டவர மட்டும் தேடுறதுன்னா அதுதான்.

எப்படின்னு கேட்டீங்க. ஏசாயா 58ஐ பொறுமையா வாசிங்க. உபவாசம் இருந்தோமே, நீர் ஏன் பாக்கலன்னு ஜனங்க கேக்குறாங்க, உங்க கேள்வியேதான். அதுக்கு வர்ற பதில்ல, பசிச்சவனுக்கு ஆகாரம், வஸ்திரமில்லாதவனுக்கு வஸ்திரம்னு சொல்லிட்டு கடைசியா "உன் மாம்சமானவனுக்கு உன்னை ஒளிக்காமலிருக்கிறதும்"னு வரும். சொந்த மனுஷங்க கிட்டருந்து ஒளிஞ்சுக்காதன்னு அர்த்தம். அப்படி நடந்தா "அப்பொழுது நீ கூப்பிடுவாய், கர்த்தர் மறுஉத்தரவு கொடுப்பார்"ங்கறது அதே அதிகாரத்துல ரெண்டு வசனம் தள்ளி இருக்கு. பாரிஸ்ல ஒரு மடத்து சமையல் கட்டுல வேல பாத்த சகோதரர் லாரன்ஸ், 1691ல இறந்தவர், ஜெப நேரம்னும் வேல நேரம்னும் அவருக்கு ரெண்டு கிடையாது, பாத்திரச் சத்தத்துக்கு நடுவுலயும் முழங்கால்ல நிக்கிற மாதிரியே ஆண்டவரோட இருந்தாரு. ஒருத்தருக்கு முகம் தொடச்சு விட்டுகிட்டே அப்படி இருக்க முடியாதா என்ன?

நாளைக்கு 5 மணிக்கு எழுந்துருங்க, அந்தப் பழக்கத்த விட்டுறாதீங்க. நேரா மாமனார் ரூமுக்குப் போங்க. என்ன வேணும்னு கேட்டு அத முதல்ல செஞ்சு முடிங்க, அப்புறம் கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு 71ஆம் சங்கீதத்த அவருக்குக் கேக்குற மாதிரி வாசிங்க. பேச்சு குழறினாலும் பரவால்ல, ஜெபத்த அவரையே பண்ணச் சொல்லுங்க, நீங்க ஆமென் சொல்லுங்க. நோட்டு கொஞ்ச நாள் அலமாரில இருக்கட்டும். இதையெல்லாம் படிச்சுட்டு 'மாமனார் சுகம்'னு அதுல இன்னொரு வரி எழுதி வச்சுட்டு மறுபடி கதவ சாத்திக்காதீங்க தங்கச்சி.