மூலிகைப் பட்டியலோடு மலையேறும் முன்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் 32 பேரை மூன்று நாள் கர்நாடகத்திலுள்ள பிளிகிரி ரங்கன் மலைக்கு அழைத்துப்போக ஆசை. அங்குள்ள சோளகர் பழங்குடிப் பெரியவர்களிடம் மூலிகைகளைப் பற்றிக் கேட்டு, படத்தோடு சின்னப் புத்தகமாக அச்சிட்டு, இணையத்திலும் ஏற்றத் திட்டம். எங்களோடு சேர்ந்து செயல்படும் ஒரு வெளிநாட்டுப் பள்ளிக்கும் அனுப்புவோம். "ஒப்புதல் படிவம் ஒன்று தயார் செய்துவிடுங்கள்" என்கிறது நிர்வாகம். படிவத்தில் என்ன இருக்க வேண்டும்? வேறு அனுமதி ஏதும் வேண்டுமா?

பதில்:

படிவத்தைக் கடைசியில் பார்ப்போம். உங்கள் திட்டத்தில் எங்கே போவது, எத்தனை பேர், என்ன கேட்பது, எங்கே வெளியிடுவது என எல்லாம் முடிவாகிவிட்டன. பாக்கி இருப்பது சோளகர்களின் கையெழுத்து மட்டும்தான். அந்த நிலையில் போய்க் கேட்டால் அவர்களால் "சரி" என்று சொல்ல முடியும், இல்லாவிட்டால் சங்கடத்தோடு ஒதுங்க முடியும். என்ன சொல்லித்தருவது என்பதை அவர்களே தீர்மானிக்க அதில் இடம் இல்லை. அதனால் முதல் பயணம் மாணவர்கள் இல்லாமல், கேமரா இல்லாமல், நீங்களும் இன்னொரு ஆசிரியரும் மட்டும் போவதாக இருக்கட்டும்.

யாரிடம் கேட்பது? தெரிந்த வழிகாட்டியிடமோ, விடுதிக்காரரிடமோ கேட்டால் போதாது. அந்தக் குடியிருப்பின் கிராம சபையிடம் கேட்க வேண்டும். அந்த மலைப்பக்கம் குடியிருப்பைப் 'போடு' என்பார்கள். நம் தாளவாடிப் பக்கம் அதே மக்களின் ஊர் 'தொட்டி'. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நிலத்தோடு நிற்கவில்லை. பல்லுயிர் சார்ந்த மரபறிவின் மேல் சமூகத்துக்குக் கூட்டு உரிமை உண்டு என்றும் அதில் எழுதப்பட்டிருக்கிறது. பிளிகிரி ரங்கன் மலை 2011-இல் புலிகள் காப்பகமானது. அதே ஆண்டில் அங்கே சோளகர்களின் சமூக வன உரிமையும் அங்கீகரிக்கப்பட்டது. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதியில் இப்படி உரிமை பெற்ற முதல் பழங்குடியினர் அவர்கள்தாம். ஆக, நீங்கள் கேட்கப் போவது காட்டில் சும்மா கிடக்கும் தகவலை இல்லை. சட்டப்படி உரிமைக்காரர்கள் உள்ள ஒன்றை.

ஊர்ப் பெரியவர் சம்மதித்துவிட்டால் எல்லாரும் சம்மதித்ததாக ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் மருத்துவ ஆய்வுக்கானவை என்றாலும் இந்த இடத்தில் நல்ல வழிகாட்டி. பழங்குடிகளிடம் ஆய்வு செய்யும்போது தலைவரின் அனுமதியும் வேண்டும், பங்கேற்கும் ஒவ்வொருவரின் சம்மதமும் தனியாக வேண்டும் என்கின்றன அவை.

இது ஏன் முக்கியம் என்பதற்குக் காணிக்காரர்கள் என்னும் பழங்குடியினரின் கதையைச் சொல்ல வேண்டும். 1987-இல் அகத்தியர் மலையில் விஞ்ஞானிகள் குழு ஒன்று நடந்துபோனது. வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் இடையிடையே சிறிய காய்களைக் கடித்துக்கொண்டு களைப்பே தெரியாமல் ஏறினார்கள். என்ன செடி என்று கேட்டபோது, வெளியாரிடம் சொல்லக் கூடாதது என்று முதலில் தயங்கினார்கள். பிறகு காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்திலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1990-களின் நடுவில் கோவை ஆயுர்வேத நிறுவனம் ஒன்றுக்குப் பத்து லட்சம் ரூபாய் கட்டணத்துக்கும் 2 சதவீத உரிமத்தொகைக்கும் கொடுத்தது. அதில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்காக ஓர் அறக்கட்டளை பதிவானது. பயனைப் பங்கிட்டதற்கு முன்னோடி என்று உலகமே இதைப் பாராட்டியது. பாராட்டத் தக்கதுதான், பங்கே தராமல் போனவர்கள்தான் அதிகம்.

ஆனால் அந்தச் சமூகத்தில் மருந்தறிவைக் காத்துவந்தவர்கள் பிலாத்திகள் என்னும் வைத்தியர்கள். இதை வெளியே கொடுத்தது தவறு என்று அவர்களில் பலர் எதிர்த்தார்கள். சொன்னவர்கள் இளைஞர்கள், வழிகாட்டிகள். வைத்தியர்களைக் கேட்டு அந்த முடிவு எடுக்கப்படவில்லை. இன்னொன்று, காணிக்காரர்கள் நம் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளிலும் இருக்கிறார்கள். அறக்கட்டளையோ கேரளத்துக் காணிகளுக்கானது. பணம் வந்த பிறகும் 'யாரைக் கேட்டீர்கள்' என்ற கேள்வி தீரவில்லை.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்கிறேன். ஆய்வு மாணவனாக இருந்தபோது மலையூர் ஒன்றில் ஒரு பாட்டி பிரசவத்துக்குப் பிறகு கொடுக்கும் வேர்க்கஷாயத்தைப் பற்றி மூன்று நாள் பொறுமையாகச் சொன்னார். ஊர்த்தலைவரின் கைநாட்டு என்னிடம் இருந்தது. அச்சிடலாமா என்று பாட்டியிடம் நான் கேட்கவே இல்லை. செடியின் பெயர், வளரும் இடம் எல்லாம் கட்டுரையில் வந்தன. இரண்டு வருடம் கழித்துப் போனேன். ஓடைக்கரையில் அந்தச் செடி இல்லை, வெளியாட்கள் தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாட்டி திட்டவில்லை, அவர் மருமகள் எனக்குத் தண்ணீர் கூடத் தரவில்லை. அந்தக் கோபம் நியாயமானது. அச்சில் வந்ததைத் திரும்ப வாங்க முடியாது, இணையத்தில் ஏறியதை நிச்சயமாக முடியாது.

அதனால்தான் மூலிகைப் பட்டியலை விட்டுவிடுங்கள் என்கிறேன். மலைக்குப் போனாலே மருந்து கேட்பது நகரத்துக்காரர்களின் பழக்கம். சோளகர்களின் அறிவு அதைவிடப் பெரியது. ஒரே ஒரு உதாரணம்: லண்டானா எனப்படும் உண்ணிச்செடி. அந்தக் காடுகளில் அது புதராக மண்டியதற்குச் சோளகர்கள் ஒரு காரணம் சொல்கிறார்கள். முன்பெல்லாம் கோடை முற்றுவதற்கு முன்பே, சருகு மட்டும் எரியும்படி தரையோடு சின்னத் தீ வைப்பார்களாம். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். 1974-இல் அந்தக் காடு சரணாலயமான பிறகு அந்தத் தீ நின்றுபோனது. அதன் பிறகுதான் உண்ணிச்செடி பெருகியது என்பது அவர்கள் கணிப்பு. பெங்களூருவைச் சேர்ந்த சூழலியலாளர்கள் இதைக் காதுகொடுத்துக் கேட்டு, சோளகர்களின் விளக்கத்தையே அடிப்படையாகக் கொண்டு ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பு உயிரியலுக்கு இதைவிட நல்ல பாடம் எது? உங்கள் மாணவர்கள் சிலர் 2024-இல் லால்பாக்கில் நின்ற, உண்ணிச்செடித் தண்டுகளால் செய்த யானைச் சிற்பங்களைப் பார்த்திருப்பார்கள். நீலகிரிப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் செய்தவை அவை. அங்கிருந்தே பாடத்தைத் தொடங்கலாம். யாருடைய ரகசியத்தையும் கேட்காமல் நடத்த முடிகிற பாடம் இது. இருந்தாலும் தலைப்பை நீங்கள் முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். "எங்கள் பிள்ளைகளுக்கு நீங்கள் எதைச் சொல்லித்தர விரும்புவீர்கள்?" என்று சபையில் கேளுங்கள். உங்கள் தமிழ் அங்கே கொஞ்சம் உதவும், கன்னடம் அதைவிட உதவும்.

அனுமதிகள்: காப்பகப் பகுதி என்பதால் வனத்துறையிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள். செடி, விதை எதையும் பறித்து வர வேண்டாம். வெளிநாட்டுப் பள்ளி விஷயம்தான் சிக்கல். 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி, வெளிநாட்டவரோ வெளிநாட்டு அமைப்போ இங்குள்ள உயிர்வளத்தையோ அது சார்ந்த அறிவையோ ஆய்வுக்காகப் பெற, சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் ஒப்புதல் வேண்டும். பள்ளிப் பாடம் அந்த அளவுக்குப் போகாது என்று நீங்கள் வாதிடலாம். என் யோசனை, அந்தப் பகுதியையே எடுத்துவிடுங்கள். மாணவர்கள் தங்கள் பயண அனுபவத்தை எழுதி அனுப்பட்டும், சோளகர்கள் சொன்ன செடித் தகவல் போக வேண்டாம்.

இப்போது படிவம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவசுப்பாய் பழங்குடியினர் 1990-இல் நீரிழிவு ஆய்வுக்கென்று ரத்தம் கொடுத்தார்கள். அதே ரத்தம் மனச்சிதைவு நோய் பற்றியும் அவர்கள் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியுமான ஆய்வுகளுக்கும் போனது தெரிந்ததும் வழக்குப் போட்டார்கள். 2010-இல் ஆய்வு நடத்திய அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் ஏழு லட்சம் டாலர் கொடுத்து, மிஞ்சிய ரத்த மாதிரிகளையும் திருப்பித் தந்தது. ஒன்றுக்குச் சொன்ன சம்மதத்தை இன்னொன்றுக்கும் நீட்டியதால் வந்த வினை அது. ஆகவே உங்கள் படிவத்தில் பேசுவதற்கு, பதிவு செய்வதற்கு, படமெடுப்பதற்கு, அச்சிடுவதற்கு, இணையத்தில் ஏற்றுவதற்கு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சம்மதம் இருக்க வேண்டும். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதைவிட, அவர் மொழியில் விளக்கி அவர் பதிலைக் குரலாகப் பதிவு செய்வது நல்லது. பெயர் போடலாமா என்றும் கேளுங்கள். மறைப்பதுதான் மரியாதை என்று நாமாக நினைத்துப் பெயரை எடுத்துவிடுகிறோம். பலர் தங்கள் பெயர் வரவேண்டும் என்றே விரும்புவார்கள். அச்சுக்கு முன் முழுவதையும் அங்கே போய் வாசித்துக் காட்டுங்கள். "இதை எடுத்துவிடுங்கள்" என்றால் காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஒலிப்பதிவின் ஒரு பிரதி அவர்களிடம் இருக்கட்டும்.

பணம் பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டாம். பள்ளிக்கு வரும் சிறப்புப் பேச்சாளருக்கு என்ன தருகிறீர்களோ, அதே தொகையைச் சொல்லித்தரும் பெரியவருக்கும் கொடுங்கள். பழைய துணி மூட்டை கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகள் ஆசிரியர்களிடம் படிக்கப் போகிறார்கள், தானம் செய்யப் போகவில்லை. காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் போனால் அவர்களுக்குக் கூலி நஷ்டம், அதையும் பாருங்கள். முடிந்தால் இரண்டு பேரைப் பயணச் செலவு கொடுத்து அல்சூருக்கு வரவழையுங்கள். 32 பிள்ளைகள் ஒரு சின்னப் போடுவில் போய் இறங்குவதைவிட அது எவ்வளவோ மேல்.

சபை வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். அடுத்த ஊரில் போய்க் கேட்காதீர்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இந்த மாதமே வகுப்பில் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாணவரும் தன் பாட்டியிடமோ அத்தையிடமோ ஒரு வீட்டு வைத்தியத்தைக் கேட்டு, அதை வகுப்பில் சொல்லலாமா, பள்ளிச் சுவரில் ஒட்டலாமா, இணையத்தில் போடலாமா என்று மூன்று முறை தனித்தனியாகச் சம்மதம் கேட்டு வரட்டும். சிலர் வீட்டில் "கண்ணு, இதை வெளியே சொல்லாதே" என்ற பதில் வரும். அந்தப் பிள்ளைகள் வெறும் தாளோடு வந்து நிற்கும்போது, அவர்களுக்கும் முழு மதிப்பெண் கொடுங்கள்.