மோனோகுளோனல்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

சார், பாடத்தில் மோனோகுளோனல் ஆன்டிபாடி வருகிறது. அதில் மோனோகுளோனல் என்பது எது? செல்லா, ஆன்டிபாடியா?

செல் கூட்டம்தான். ஒரே தாய் செல்லிலிருந்து பெருகியது என்று பொருள். ஆன்டிபாடி என்ற நோய் எதிர்ப்புப் புரதத்தைத் தருவது பி செல் என்ற வெள்ளையணு. ஒரு பி செல் ஒரே வகை ஆன்டிபாடியைத்தான் சுரக்கும். அதன் வாரிசுகளும் அதையே சுரக்கும். பி செல்லைத் தனியாக வளர்த்தால் சில நாளில் செத்துவிடும். 1975-இல் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் கோஹ்லரும் மில்ஸ்டீனும் அதைச் சாகாமல் பெருகும் மயலோமா என்ற புற்றுநோய்ச் செல்லோடு இணைத்து ஹைப்ரிடோமா என்ற கலப்புச் செல்லை உருவாக்கினார்கள். 1984-இல் நோபல் பரிசும் வந்தது.

ஹைப்ரிடோமா வளர்க்கிறேன். செல்களை நீர்க்கச் செய்து குழிக்கு ஒன்றாகப் பிரிக்கும் லிமிட்டிங் டைல்யூஷன் ஒருமுறை செய்துவிட்டேன். மோனோகுளோனல் என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. வளர்ப்புத் தட்டில் குழிக்குச் சராசரியாக 0.5 செல் வீதம் விட்டிருந்தால், கணக்குப்படி நூறு குழியில் 61 காலி, 30-இல் ஒரு செல், 9-இல் ஒன்றுக்கு மேல். ஆக, வளரும் 39 குழிகளில் 9 கலப்படம்! செல் விட்ட மறுநாளே மைக்ரோஸ்கோப்பில் குழி குழியாகப் பாருங்கள். ஓரத்தை விட்டுவிடாதீர்கள், அந்த நிழலில்தான் இரண்டாவது செல் ஒளிந்திருக்கும். ஒரே திட்டாக வளரும் குழியை எடுத்து இன்னொரு முறை குளோன் செய்யுங்கள். அப்புறம், ஹைப்ரிடோமா குரோமோசோம்களை இழக்கக்கூடியது. அப்படி இழந்து ஆன்டிபாடி சுரப்பை நிறுத்திய செல்கள் வேகமாகப் பெருகி நல்லவற்றை ஓரங்கட்டிவிடும். அதனால் ஆரம்பத்திலேயே கொஞ்சம் உறைய வைத்துவிடுங்கள்.

அப்படியென்றால் பாலிகுளோனல் மட்டமானதா?

இல்லவே இல்லை. பாலிகுளோனல் என்றால் பல தாய் செல்களின் வாரிசுகள் சுரந்த ஆன்டிபாடிகளின் கலவை. பாம்புக்கடி மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து எடுப்பது அது. சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் சேகரிக்கும் விஷம் இந்த மருந்துக்குத்தான் போகிறது. ஒரு பாம்பின் விஷத்திலேயே பல நச்சுப் புரதங்கள் இருக்கும்போது, ஒரே ஒரு ஆன்டிபாடி எப்படிப் போதும்?

அம்மாவுக்கு வயது 70. ரத்தப் பரிசோதனையில் ‘மோனோகுளோனல் எம் பேண்ட்’ என்று வந்திருக்கிறது. புற்றுநோயா அண்ணா?

அந்த ஒரு வரியை வைத்து அப்படி முடிவு கட்டாதீர்கள் தங்கச்சி. ஒரே தாய் செல்லிலிருந்து வந்த பிளாஸ்மா செல்கள் (பி செல்லின் முதிர்ந்த வடிவம்) ஒரே புரதத்தைச் சுரக்கின்றன, அது பரிசோதனையில் ஒரு பட்டையாகத் தெரிகிறது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். 50 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம் இது தொந்தரவே இல்லாமல் இருக்கும். அவர்களில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம் பேருக்குத்தான் மயலோமா போன்ற நோயாக மாறுகிறது. ஆனாலும் சும்மா விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின், கால்சியம், கிரியாட்டினின் முடிவுகளோடு ரத்தநோய் மருத்துவரைப் பாருங்கள். அம்மாவுக்கு முதுகுவலியோ எலும்பு வலியோ இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.